தட்டில் வராத அழைப்பு

மனநல ஆலோசகர் தொழிலில், வந்தவரின் கவலையைக் கவனிப்பதற்கு முன்பு, தான் வந்ததை யாராவது பார்த்துவிட்டார்களோ என்ற அவருடைய பயத்தைத்தான் கவனிக்க வேண்டும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் 'மனசு சரியில்லை' என்று வாயெடுத்தால் போதும், தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே ஆளை அனுப்பிவிடும் ஊர் வாய்.

கன்னத்தில் கை

மாணிக்கம் அண்ணன் கோப்பெங்கிலிருந்து வந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாயைத் திறந்தால் தங்கையைத் திட்டுகிறார் என்று மனைவி சரசு அக்கா என்னிடம் பிடித்துத் தள்ளிவிட்டிருக்கிறார். மாடிப்படி ஏறும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல்வலியா என்று கேட்டேன்.

"பக்கத்து ரூம் பல்லு டாக்டருதானே மேடம்? யாராச்சும் பாத்தா பல்லுக்கு வந்தேன்னு சொல்லிக்குவேன் லா."

எந்தச் சட்டம்?

தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. அதையும் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். தங்கையோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் போட்டதோடு சரி. பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டிய மனிதர், போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் பழகிய சிகிச்சைக்குப் பகுத்தறிவு உணர்வுச் சிகிச்சை என்று பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. நடந்தது ஒன்று, அதைப் பற்றி நமக்கு நாமே சொல்லிக்கொள்வது இன்னொன்று, வயிற்றெரிச்சல் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து வருகிறது. போனைப் பார்த்ததும் மனசுக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவள் கட்டாயம் வந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என்றார். அந்தக் 'கட்டாயம்' எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று மடக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்தத் தோட்டத்துல வளந்தீங்க மேடம்? இந்த முறைகூடத் தெரியாதா?"

வீட்டுப்பாடம்

'கட்டாயம் வந்திருக்கணும்' என்று தோன்றும்போதெல்லாம் 'வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், ஆனா கட்டாயம் இல்ல' என்று மாற்றிச் சொல்லிப் பழகச் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து பழகினார். அடுத்த வாரம் சரசு அக்கா தனியாக வந்தார். குப்பையைக் கொட்டச் சொன்னால், கொட்டினால் நல்லா இருக்கும், கட்டாயம் இல்லை என்கிறாராம். குழம்பு பொங்கி வழிகிறது, அடுப்பை அணையுங்கள் என்றாலும் அதே பதிலாம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"பழைய கோவத்தையே அவருக்குத் திருப்பிக் குடுத்துடுங்க மேடம்."

கோபம் போன பிறகு

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்தவர், கோபம் குறைந்துவிட்டது, ஆனால் போகப் போவதில்லை என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. தங்கையை விடுங்கள், அந்தப் பெண் உங்களுக்கு யார் என்று கேட்டேன். தோட்டக் குடியிருப்பில் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீடு. அவள் அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்த காலத்தில், மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப் போனவர் இவர்தான். மழை பெய்தால் அவள் புத்தகப்பையைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொள்வாராம். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

எங்கள் சிகிச்சை கேட்பது இவ்வளவுதான்: கோபம் இருந்த இடத்துக்கு வருத்தம் வர வேண்டும். வருத்தத்தோடு ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விடலாம். எனக்கு மனசுக்குள் சந்தோஷம், அவருக்கு இல்லை.

"கோவமே தேவல மேடம். அதுல அழுக வராது."

தெலுக் இந்தான் மண்டபத்தில்

போனார். திங்கட்கிழமை வந்து சொன்னார். வாசலில் நின்ற தங்கையிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். தங்கை மகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். போய்ச் சேர்ந்த பிறகும் அவள் கையை விடவில்லையாம்.

தாலி கட்டி முடிந்ததும் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளாக அவளுக்கும் தூக்கமில்லையாம். கல்யாணம் பேசிய நாளிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார்.

"பத்திரிகை ஊராருக்கு வைக்கிறதுண்ணே. சொந்த அண்ணன் கூப்பிடாமலே வந்திருக்கணும்ல?"

கூடப்பிறந்தவர்கள் இப்படி ஆளுக்கொரு வாசலில் காத்துக்கொண்டிருக்கும் வரைக்கும், இந்தப் பேராக் மாநிலத்தில் எங்கள் பிழைப்புக்குக் குறைவே வராது.