உறைகுளிர் அறையில் ஏற்றிய சார்ஜ்

குளிர்பதனக் கிடங்கில் பளுதூக்கி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிறவள் அவள். எல்லோருக்கும் 'சார்ஜ் அக்கா'. ஒன்பது வருடம் பழைய ஈய பேட்டரிகளோடு மல்லுக்கட்டியவள். தண்ணீர் ஊற்ற வேண்டும், எட்டு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும், அமிலம் தெறித்துச் சட்டையெல்லாம் ஓட்டை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வந்தபோது அவளுக்குத்தான் ஏக சந்தோஷம். இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். சாப்பாட்டு இடைவேளையில் கொஞ்சம் ஏற்றினாலும் கோபித்துக்கொள்ளாது. உறைகுளிரில் வண்டி ஓட்டலாம், சார்ஜ் மட்டும் ஏற்றக் கூடாது. வெளியே கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகே ஏற்ற வேண்டும்.

புது சூப்பர்வைசருக்கு அந்தக் காத்திருப்பு பொறுக்கவில்லை. சார்ஜரை உறைகுளிர் அறைக்குள்ளேயே மாட்டச் சொன்னார். அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குளிரில் பேட்டரியே சார்ஜ் வாங்க மறுத்தது. மறுநாள் என்ன மாயமோ, வாங்க ஆரம்பித்துவிட்டது. எப்படி என்று கேட்டால் எலக்ட்ரீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டே மாதத்தில் வண்டிகள் சார்ஜ் தீர்ந்து மத்தியானத்திலேயே படுத்துவிட்டன. எல்லாம் அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிய தாளை நீட்டி, கையெழுத்துக் கேட்டார் சூப்பர்வைசர். அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"பேட்டரி கம்பெனி ஆள் வரட்டும் சார். அதுவரைக்கும் நான் பேனாவத் தொட மாட்டேன்."

வேலையை விட்டுத் தூக்கிவிடுவதாக மிரட்டினார். வீட்டில், அனுசரித்துப் போகச் சொன்ன கணவனிடமும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் பேட்டரி கம்பெனியின் பொறியாளர் வந்தாள். பேட்டரியின் பதிவுகளை லேப்டாப்பில் பார்த்தாள். சார்ஜரை உள்ளே மாட்டிய மறுநாளிலிருந்து வெப்பநிலை இருபத்தைந்து டிகிரி, இம்மியும் அசையவில்லை. மைனஸ் பதினெட்டு அறையில் அது எப்படி என்று மூடியைத் திறந்தாள். குளிரைக் கண்டு சார்ஜை நிறுத்தும் சென்சாரின் கம்பியை வெட்டி, பேட்டரியை ஏமாற்ற, எப்போதும் இருபத்தைந்து டிகிரி என்றே காட்டும் ஒரு சிறு பாகத்தைப் பொருத்தியிருந்தார்கள். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றியதால் பேட்டரி செல்களுக்குள் லித்தியம் படிந்துவிட்டது, இனி மீட்க முடியாது, உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கவும் கூடும் என்றாள்.

அக்கா கிடங்கு மேனேஜர் முன்னாலேயே சூப்பர்வைசரைக் கேட்டாள். "உள்ள கதவ மூடிக்கிட்டு ஆறு பேர் வேலை செய்யறாங்க. அது தெரிஞ்சுதானே கம்பிய வெட்டச் சொன்னீங்க?"



சூப்பர்வைசரை வேறொரு கிடங்குக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். நடந்ததை மறந்துவிடச் சொன்னார் மேனேஜர். அவள் விடவில்லை. அந்தக் கிடங்கின் எண்ணைத் தேடிப் பிடித்து, அங்கே சார்ஜ் ஏற்றுகிறவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க புது சூப்பர்வைசரப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். பேப்பர் இருந்தா எடுத்துக்குங்க."