பாதிக் கூலிக்கு எழுத மாட்டாள்

ஊருக்குள் அவளை விளக்கக்காரி என்றுதான் சொல்வார்கள். மருந்தடிக்கும் மிஷின், களையெடுக்கும் கருவி என்று எது விற்பனைக்கு வந்தாலும், கூடவே வரும் கையேட்டை எழுதுகிறவள் அவள். நகரத்துக் கம்பெனி மிஷினை லாரியில் அனுப்பும். அதைப் பின்கட்டு அறையில் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக மறுபடி மாட்டிப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள்.

நகரத்தில் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறவருக்குத் தன்னைப்போல் இரண்டு மடங்கு கூலி என்று ஒருநாள் தெரியவந்தது. அவரே பேச்சுவாக்கில் உளறிவிட்டார். உடனே மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"அவர் சிட்டியில இருக்காரும்மா. கிராமத்துல உங்களுக்கு என்ன பெரிய செலவு?"

"உங்க மிஷினை எங்க ஊர்ல பாதி விலைக்கா சார் விக்கிறீங்க?"

மேனேஜர் பேச்சை மாற்றினார். "இந்த ரேட்டுக்கு எழுத அங்கயே ஆள் இருக்கும்மா."

"அப்ப அவங்ககிட்டயே குடுங்க."

போனை வைத்த பிறகுதான் வீட்டுச் செலவு நினைவுக்கு வந்தது. கணவனுக்கு லேத்துப் பட்டறையில் வேலை குறைந்திருந்த சமயம். "அவசரப்பட்டுட்டியோ?" என்றான்.

"பட்டா பட்டுட்டுப் போறேன்."

மேனேஜர் சொன்ன ஆள் நாத்தனார்தான். கையேடுகளுக்குப் படம் வரைகிறவள், எழுதவும் வரும். கிணற்று மோட்டாரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறில் இருவரும் முகங்கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. மேனேஜரிடமிருந்து தங்கைக்குப் போன் வந்திருக்கிறது என்று கணவன் சொன்னதும் விளக்கக்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நாத்தனாரே வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீங்க கேட்ட ரேட்டைத்தான் நானும் கேட்டேன் அண்ணி. படத்துக்குத் தனியாக் குடுக்கணும்னும் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"போனை வச்சுட்டார்."

இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மோட்டார் விஷயம் வேற. அதை நான் விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நாத்தனார் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

புது மிஷின் கடைகளுக்குப் போகவேண்டிய நேரம். கையேடு இல்லாமல் அனுப்ப வழியில்லை. அந்த வாரக் கடைசியில் மேனேஜர் இறங்கிவந்தார். கேட்ட கூலி, படத்துக்குத் தனி.

"ஒண்ணே ஒண்ணும்மா. மத்த ஊர்ல எழுதுறவங்களுக்கு இது தெரிய வேணாம்."

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க சார். கேக்கறவங்களுக்கும் சொல்லுவேன், கேக்காதவங்களுக்கு நானே கூப்பிட்டும் சொல்லுவேன்."

வைத்த கையோடு முதல் ஆளைக் கூப்பிட்டாள்.