எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு

மன்னாரில் ஒரு வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்தால் முதலில் தண்ணீர் வரும், அடுத்து "பிள்ளை ஆற்ர மகள்?" என்ற கேள்வி வரும். எந்த ஊர், எந்தக் கோவில் பங்கு, எந்தக் குடும்பம் என்று தெரியும் வரைக்கும் எங்கள் ஆட்கள் வெயிலைப் பற்றிக்கூட ஒழுங்காகக் கதைக்க மாட்டார்கள். பெண்கள் மீதான பாலியல் வன்முறை பற்றிய ஓர் ஆய்வுக்கு நேர்காணல் செய்ய ஊர்ப் பெண்கள் எங்கள் சிலரைச் சேர்த்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர், "உங்கள் குடும்ப விபரத்தை எந்த வீட்டிலும் சொல்லக்கூடாது" என்றதும் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். பதில் சொல்லாமல் இருந்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சொல்லும் பெயராது என்று அவருக்கு விளங்கப்படுத்திப் பார்த்தோம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியவந்த விதத்தை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

மற்றக் கட்டுப்பாடுகளில் எங்களுக்குச் சண்டை இல்லை. பெண்ணோடு தனியாக இருந்துதான் கதைக்க வேண்டும். யாராவது உள்ளே வந்தால் உடனே பேச்சை மாற்றிச் சாப்பாடு பற்றிய கேள்விகளைக் கேட்க வேண்டும். சொல்பவரை நம்ப வேண்டும். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று வாயே திறக்கக்கூடாது. கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. இதையெல்லாம் மற்றவர்களைவிட நான் நன்றாகச் செய்கிறேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. கந்தோரில் கதிரை சூடாக்குகிற வேலை இல்லையே, ஒருவரும் கேட்காததைக் கேட்கிற வேலை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அந்த ஒழுங்கைக்குள் போனேன்.

அது மன்னார்த் தீவின் பெரிய ரோட்டிலிருந்து கோவிலுக்கு இறங்குகிற ஒழுங்கை. எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை, ஆனால் எங்கள் பங்கு இல்லை. அங்கே ஒரு வீட்டில் நண்டுக் கம்பனியில் வேலை செய்கிற ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். புருசன் கடலுக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில். முன்னறையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும்.

முதற் கேள்விகளுக்கு ஓம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று என்னைக் கேட்டார்.

"மிஸ், இதைச் சொன்னா என்ன நடக்கும்?"

"உங்கட பேர் எங்கயும் வராது. உதவி வேணுமெண்டா ஆரிட்டப் போகலாம் எண்டு சொல்லுவம். நீங்கள் விரும்பினாத்தான்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம். என்ர பிள்ளையை நினைச்சாத்தான் பயமாக் கிடக்கு."

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வேதக் கோவில்களில் திருவிழாவுக்கு ஒழுங்கை நீளத்துக்கும் லைற் மாலை கட்டுவார்கள். கோவிலிலிருந்து அவ்வளவு தூரம் வயர் இழுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வீடும் தன் வாசலுக்கு முன்னால் எரிகிற விளக்குகளுக்குத் தன் வீட்டுக் கரண்டைக் கொடுக்கும். அதை நேர்த்திக்கடன் மாதிரி நினைத்துக் கொடுப்பார்கள். லைற் பூட்டுகிறவர் வந்தால் எந்த வீட்டுக் கதவும் மூடியிருக்காது. பிளக் எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைவரைக்கும் அவர் போவார். என்ன ஏது என்று ஒருவரும் கேட்பதில்லை, கோவில் வேலை.

"பிள்ளையின்ர வயசில நான் இருக்கேக்க," என்றார் அந்தப் பெண். "அம்மா கருவாடு காயப்போடக் கடற்கரை வாடிக்குப் போயிட்டா. லைற் பூட்ட வந்தவர் கரண்ட் எடுக்கவேணும் எண்டு உள்ளுக்கு வந்தவர்."

சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

"அந்த ஆள்தான் இப்பவும் வாறவர். ஒவ்வொரு வருசமும் நான் சாட்டுச் சொல்லி வீட்டில நிண்டிடுவன். இந்த முறை கம்பனியில லீவு தரமாட்டினமாம். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியத்தான் நிக்கும்."

எங்கள் மாமாவும் லைற் பூட்டுகிறவர்தான். அம்மாவின் தம்பி. அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்ததும், எத்தனையோ பேர் லைற் பூட்டுகிறார்கள் என்று நானே அதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்போது பின்பக்கத்தால் அவருடைய மாமியார் முருங்கையிலைக் கட்டோடு உள்ளே வந்தார். பக்கத்து வளவுதான் அவருடைய வீடு. பயிற்சியில் சொன்னபடி நான் பேச்சை மாற்றினேன்.

"கிழமையில எத்தினை தரம் கீரை சாப்பிடுவீங்கள்?"

மாமியாருக்கு அந்தக் கேள்வி நன்றாகப் பிடித்துவிட்டது. நிலத்தில் வசதியாக இருந்து இலை ஆய்ந்துகொண்டு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை ஆற்ர மகள்?"

கட்டுப்பாடு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த மனுசி முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருக்க எனக்கு வாய் வரவில்லை. வளர்ப்பு அப்படி. அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. அம்மாவின் ஊரைச் சொன்னேன், குடும்பத்தைச் சொன்னேன்.

"அட, அப்ப எங்கட லைற்காரரின்ர மருமகளே? தங்கமான மனிசன். கோவிலுக்கெண்டா உயிரை விடுவார்."

"ஓம்" என்றேன். சொல்லும்போது சிரித்தேன். நம்முடைய ஆளைப் பற்றி நல்லது சொன்னால் பல் தானாகத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சிரிப்போடு அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகள் இரண்டையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டு இருந்தார்.

"கீரை ரெண்டு தரம்," என்றார்.

மாமியார் அடுப்பைப் பார்க்கப் போன பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மிஸ், நான் முதல் சொன்னது வேற ஆரையோ நினைச்சுச் சொன்னது. ஒண்டும் நடக்கேல்ல. வீட்டில போய்க் கதைச்சிடாதேங்கோ."

கதைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். உதவி எங்கே கிடைக்கும் என்று சொன்னதை அவர் காதில் எடுக்கவே இல்லை. நான் எழும்பிப் போனால் போதும் என்று இருந்தார். அவரை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டு வந்தது நான்தான்.

பஸ்ஸில் இருந்துகொண்டு, செய்யக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்ததையெல்லாம் நானே செய்தேன். மாமா அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஆள் மாறியிருக்கும் என்றேன். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்றுகூட ஒரு தரம் நினைத்தேன். நினைத்ததும் வெட்கத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது போல.

பிறகு தேநீர் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டுக்கு மாமா வந்தால் தேநீரை அம்மாதான் கொண்டுபோய்க் கொடுப்பார். வேறு யார் வந்தாலும் அது எங்கள் வேலை, என்னுடையதும் தங்கச்சியுடையதும். மாமா வந்தால் மட்டும் எங்களுக்கு அடுத்த வீட்டில் கறிவேப்பிலை பிடுங்க வேண்டியிருக்கும். அம்மா உயிலங்குளத்துக்கு நெல்லு வாங்கப் போகிற நாட்களில், நான் வந்து வீட்டில் நிற்கிறேன் என்று மாமா சொன்னாலும், எங்களைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போவார். மாமா எங்கள் வீட்டில் லைற் பூட்டினால், பூட்டி முடியும் வரைக்கும் அம்மா ஏணியடியில் நிற்பார். தம்பியில் அவ்வளவு பாசம் என்று நானும் தங்கச்சியும் அம்மாவைப் பகிடி பண்ணியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாது. தேநீரைப் பற்றிக் கேட்கலாம்.

"அம்மா, மாமா வந்தா ஏன் எங்களைத் தேத்தண்ணி கொண்டுபோக விடுறேல்ல?"

கத்தி நின்றது. "இப்ப என்னத்துக்கு அது?"

"சும்மா கேக்கிறன்."

"அவனைப் பற்றி முந்தி ஒரு கதை இருந்தது," என்றார் அம்மா. பிறகு, "ஆம்பிளையள் அப்பிடித்தான். நாங்கள்தான் எங்கட பிள்ளையளைப் பாத்துக்கொள்ளவேணும். உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லத்தானே. நான் விட்டனானே?" என்றார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"மற்ற வீட்டுப் பிள்ளையள்?"

"அதுகளை அதுகளின்ர தாய்மார் பாக்கவேணும்," என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

பயிற்சியில் குழுக்களாக இருந்து, பெரிய தாள்களில் எழுதி, வன்முறையைத் தடுப்பது எப்படி என்று நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் அதை ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தே செய்து முடித்திருந்தார்கள், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். தேநீர் குடித்துவிட்டு மாமா ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படும்போது, கவனமாகப் போய்வா என்று சொல்லி அம்மாதான் படலையைத் திறந்துவிடுவார். நான் பக்கத்தில் நின்று கையசைத்திருக்கிறேன். நான் சின்னப் பிள்ளை, எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். அந்த உண்மையால் என் வெட்கம் ஒரு துளியும் குறையவில்லை.

அடுத்த நாள் ஆய்வுக்குப் பொறுப்பானவரிடம் போய், என்னை அந்த ஊருக்கு அனுப்ப வேண்டாம், சொந்தக்காரர் பிரச்சினை என்று மட்டும் சொன்னேன். முசலிப் பக்கத்துப் பெண் ஒருவரை எனக்குப் பதிலாகப் போட்டார்கள். ஆனால் திருவிழா வந்துகொண்டிருந்தது, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டுத் தனியாகத்தான் நிற்கப் போகிறது. அந்தப் பெண் சொன்னதை நான் எங்கே போய்ச் சொன்னாலும் பொழுது படுவதற்குள் ஊர் அவரைக் கண்டுபிடித்துவிடும். கடைசியில் எனக்கு ஒன்று விளங்கியது. அவருடைய கதையை நான் தொடக்கூடாது. எங்கள் வீட்டுக் கதை என்னுடையது. அதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் ஒருவரும் சத்தியம் வாங்கவில்லை. சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து இரண்டு தரம் அந்தக் கோவில் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

மூன்றாம் தரம் அந்தப் பங்கின் சுவாமியாரை அவர் தங்கும் அறைவீட்டில் போய்க் கண்டேன். ஊருக்குப் புதிதாக வந்தவர், இளம் ஆள்.

"சுவாமி, லைற் பூட்ட எங்கட மாமாவை வீடுகளுக்குள்ள விடாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"எங்கட வீட்டில பொம்பிளைப் பிள்ளையளை அவரிட்டத் தனிய விடுறேல்ல. நாங்கள் சின்னனில இருந்தே அப்பிடித்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆரும் முறைப்பாடு சொன்னவையா?"

"நான் எங்கட வீட்டைப் பற்றித்தான் சொல்லுறன்."

"அம்மாவுக்குத் தெரியுமா நீங்கள் இங்க வந்தது?"

"தெரியாது. நான் போய்ச் சொல்லுவன்."

அவர் மேசையில் இருந்த திருவிழா ஒழுங்குத் தாளைப் பார்த்தார். "அப்ப லைற்றை ஆரைக் கொண்டு பூட்டுறது?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்குச் சுவாமி என்றும் பார்க்கவில்லை. "ஜெனரேற்றர் பிடியுங்கோ. இல்லாட்டி இந்த முறை இருட்டில நடப்பம்," என்றேன். அவர் கோபிக்கவில்லை. தான் கேட்டது தனக்கே பிடிக்காதவர் போலத் தலையை ஆட்டினார். அடம்பனிலிருந்து லைற்றும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்தார். எந்த வீட்டுக்குள்ளும் ஒருவரும் போகத் தேவையில்லை. லைற்காரருக்கு முதுகு நோ, இனிமேல் ஏணி ஏற முடியாதாம் என்று ஊரில் கதை வந்தது. மாமா இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. சுவாமியிடம் போனதை அன்றே அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகு என் தேநீரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறார். நடந்தது அவ்வளவுதான். ஒருவரும் மாமாவை ஒரு கேள்வி கேட்கவில்லை, மரியாதையாக ஒரு முதுகு நோவைக் கொடுத்து வீட்டில் இருத்தினோம்.

திருவிழாவுக்கு முதல் நாள், வேஸ்பர் அன்று பின்னேரம் அந்த ஒழுங்கையால் நடந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். லைற் எரிகிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. குனிந்தபடி அந்த வீட்டைத் தாண்டப் பார்த்தேன்.

"மிஸ், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அந்தப் பெண் வாசலில் நின்றார். திருவிழா நாட்களில் வாசலால் போகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பது வழக்கம், மறுக்க முடியாது. ஒரு சின்னப் பெண் தட்டில் கோப்பையைக் கொண்டுவந்து தந்துவிட்டு, அடுத்த ஆட்களுக்கு எடுத்துவர உள்ளே ஓடினாள். நான் குடிக்கிறதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனரேற்றர் போட்ட சத்தத்தில் எங்கள் பேச்சு வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"இந்த முறை எங்கட வீட்டில கரண்ட் எடுக்கேல்ல," என்றார். "நீங்கள் ஏதும் சொன்னனீங்களா?"

"உங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. எங்கட வீட்டில எங்களை அவரிட்டத் தனிய விடுறேல்ல. அதை மட்டும்தான் சொன்னனான்."

அவர் அதை யோசித்தார். "அப்ப உங்கட வீட்டில தெரியும்."

"ஓம்."

"நீங்கள் சின்னனா இருக்கேக்கயே?"

"ஓம்."

வெறுங்கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கட அம்மாட்ட அப்ப ஒருத்தரும் சொல்லேல்ல," என்றார்.

உள்ளேயிருந்து அவருடைய மகள் கேத்தலோடு வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா அன்ரி?" என்று கேட்டாள்.