என் எலும்பில் விழுந்த விரிசல்

ஓட்டப் போட்டியில் ஜெயிக்க உடம்பை இளைக்க வைத்தேன். தினமும் விடிந்ததும், வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் சால்ட் லேக் பகுதியில் பத்து கிலோமீட்டர் ஓடுவேன். அதன் பிறகு ஒரு ஆப்பிள், இரவில் வெறும் சூப். எட்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் ஓடும்போது முழங்காலுக்குக் கீழே சுரீரென்று வலித்தது. நான் இடறி விழவில்லை. ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பில் விரிசல் என்றார் வங்காளி டாக்டரம்மா. மாதவிலக்கு பற்றிக் கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த அம்மா அதிர்ந்துபோனாள். "எட்டு மாசமாவா? என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

டாக்டர் வங்காள மொழியில் மெதுவாகச் சொன்னார்: "ஓடறதுக்கே சாப்பாடு பத்தலை. அதனாலதான் மாதவிலக்கும் நின்னுபோச்சு. எலும்பைப் பழுதுபார்க்கச் சத்துக்கு உடம்பு எங்கே போகும்? வயிறு நிறையச் சாப்பிடும்மா."

ஓட்டத்தை நிறுத்தினேன். முதல் வாரம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இருந்தாலும் சாப்பிட்டேன். மூன்றாம் மாதம் மாதவிலக்கு திரும்பியது. புது எக்ஸ்ரேயில் விரிசலைச் சுற்றி வெள்ளையாக ஒரு புடைப்பு.

"புது எலும்பு," என்றார் டாக்டர்.

கண்ணை எடுக்க முடியவில்லை. அத்தனை நாள் பட்டினி போட்டவள் நான். சோறு கிடைத்ததும் ஒரு வார்த்தை கோபிக்காமல் எனக்காகவே கட்டத் தொடங்கியிருந்தது இந்த உடம்பு.