கண்டக்டரின் தோல்பை

இடது கை விரலில் ரத்த ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டே வலது கையால் பையை அடுக்கிக்கொண்டிருந்தார் கண்டக்டர். ஒரு இன்ஹேலர், அது தீர்ந்தால் இன்னொன்று, இரண்டும் தொலைந்தால் மூன்றாவது. பேட்டரியில் ஓடும் குட்டி விசிறி, டார்ச், துண்டு, தண்ணீர் இரண்டு பாட்டில், எட்டு வருட ஆஸ்பத்திரிக் காகிதம். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தபோது தோளில் தொங்கிய அதே தோல்பை. அன்றைக்கு அது இவ்வளவு கனத்ததில்லை.

விரலில் தொண்ணூற்று மூன்று. உடனே மறுபடி பார்த்தார். தொண்ணூற்றிரண்டு.

"எறங்குது பாருங்க நர்சம்மா!"

"உங்களுக்கு அது போதும்னு டாக்டர் சொல்லியாச்சு. கழட்டுங்க" என்றேன்.

கழற்றி மனைவியின் விரலில் மாட்டினார். கருவி சரியா என்று பார்க்க அந்த அம்மாள்தான் அவருக்கு அளவுகோல். தொண்ணூற்றெட்டு.

"உனக்கு மட்டும் எப்படிடி?"

"நான் தெனம் ரெண்டு பாக்கெட் ஊதலையே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

நுரையீரல் கெட்டது நிஜம். அதன் மேல் பயம் ஏறி உட்கார்ந்திருப்பதும் நிஜம். இரைத்தால் பயம் வரும். பயந்தால் இன்னும் இரைக்கும். எது எதை இழுத்து வந்தது என்று வாரம் மூன்று நாள் வந்து பார்க்கும் எனக்கே சில சமயம் சட்டென்று பிடிபடாது. மூச்சு முட்டினால் பேச வராது என்பதால் பஸ் வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். சுவரில் ஒற்றைத் தட்டு கேட்டதும் மனைவி கரண்டியோடு ஓடி வருவார். இரண்டு மாதமாக அந்த வீட்டில் ஒற்றைத் தட்டு மட்டும்தான்.

வீடு மாடியில்; லிஃப்ட் கிடையாது. மூச்சுப் பயிற்சி வகுப்பு அடுத்த தெரு ஆஸ்பத்திரியில். இருமுறை கிளம்பி, இருமுறையும் பாதிப் படியில் திரும்பிவிட்டார். நாளையும் போகாவிட்டால் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நாற்காலியே கதி என்று இருந்தால் கால்களும் கைவிடும். இதை அவரிடம் நான் ஒளிக்கவில்லை.

"எறங்கிடுவேன் நர்சம்மா. அப்புறம் எப்படி ஏறுறது?"

"எல்லா ஸ்டாப்பிங்லயும் நின்னு ஏறுங்க. எக்ஸ்பிரஸ்ஸா ஓட்டச் சொன்னேன்?"

பையை வாங்கி எடை மிஷினில் வைத்தேன். ஆறு கிலோ இருநூறு.

"மூணு மாசக் குழந்தைய தோள்ல மாட்டிட்டு மாடி எறங்கினா எனக்கே இரைக்கும்."

"ஆபத்துக்கு வேணாமா?"

"இப்போதைக்கு ஆபத்தே இதுதான் கண்டக்டரே."

பைக்குள் கையை விட்டார். "விசிறி?"

"அது நல்லது. முகத்துக்கு நேரா பிடிச்சா மூச்சு லேசாகும்."

"டார்ச்?"

"காலைல பத்து மணிக்கா?"

மறுநாள் காலை பை கதவுக் கொக்கியில் தொங்கியது. சட்டைப்பையில் ஒரே ஒரு இன்ஹேலர், கையில் விசிறி. நான் ஒரு படி முன்னால் இறங்கினேன். ஒன்பதாவது படியில் சுவரில் ஒரு தட்டு. மேலே வாசலில் நின்ற மனைவி அதற்குள் பையைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டார். கண்டக்டர் உதட்டைக் குவித்து, சொல்லிக்கொடுத்தபடி, மெல்ல ஊதினார். இன்னொரு முறை ஊதினார். ஆக்சிமீட்டரைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிய கை, அது அங்கே இல்லை என்று தெரிந்ததும் சற்று நின்றது. பிறகு சுவருக்குப் போய், அடுத்தடுத்து இரண்டு தட்டு தட்டியது.