குப்பை என்று நீக்கிய வரி

எங்கள் அக்காவின் பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. உடன்பிறந்தவர் இல்லை, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி. நோயாளியின் கையில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். அவருடைய கணவரும் ஆறு வயது மகளும் வேறு ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. ராஜினாமா கொடுத்தும் மேனேஜர் விடவில்லை. புரோகிராமின் புதிய பதிப்பில் இருபது தடவைக்கு ஒருமுறை சொட்டின் வேகம் தானாக இரட்டிப்பானது. அதைச் சரிசெய்யாமல் போகக் கூடாது என்று கழுத்தைப் பிடித்தார்.

நாங்களோ கண்ட இடத்தில் எல்லாம் கைவைத்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான்டா மாத்தணும். நாலையும் மாத்திட்டு, எது சரி பண்ணுச்சுன்னு யாரைக் கேப்பே?" என்றார் அக்கா.

கருவி ஒழுங்காக ஓடிய நாளிலிருந்து அறுபத்து நான்கு மாற்றங்கள் செய்திருந்தோம். அக்கா முதல் பாதி மாற்றங்களோடு நிறுத்தி இருநூறு தடவை ஓட்டினார். கோளாறு வரவில்லை. அப்படியானால் பின்பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாக்கினார். ஆறே சோதனை, மூன்று நாள். ஜன்னல் இல்லாத சோதனை அறையில்தான் சாப்பாடும்.

கடைசியில் மிஞ்சிய மாற்றம் என்னுடையது. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே நடப்பதைக் குறித்துவைக்க யாரோ எப்போதோ போட்ட ஒரு வரியைக் குப்பை என்று நீக்கியிருந்தேன். திரும்பப் போட்டதும் இருநூறு ஓட்டமும் சுத்தம்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "அப்பாடா. நாளைக்கே நீங்க கிளம்பலாம்மா."

"அந்த வரி எதையும் சரி பண்ணலை சார்," என்றார் அக்கா. "புரோகிராமுக்குள்ள ரெண்டு வேலை ஒரே நேரத்துல ஒரே இடத்துல வேகத்தை எழுதி மோதிக்குது. இந்த வரி அதுல ஒண்ணைக் கொஞ்சம் தாமதப்படுத்துது, அவ்வளவுதான். காரணம் உள்ளேயேதான் இருக்கு."

அவர் முகம் மாறியது. "அப்ப அதையும் முடிச்சிட்டே போங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அக்காவைத் தனியாக இழுத்துப்போய், "வாயை மூடிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே. உங்களுக்கென்ன தலையெழுத்து?" என்றேன்.

"அந்த வரியைப் போட்டதே நான்தான்டா, நாலு வருஷம் முன்னாடி. காரணம் தேடத்தான் போட்டேன். போட்டதும் கோளாறு மறைஞ்சுது. அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். கோளாறு சரியாயிடுச்சுன்னு எழுதி வெச்சிட்டு வீட்டுக்கு ஓடிட்டேன். இது யாரோ ஒருத்தர் கையில ஏறுற மருந்து."

எனக்கு வெட்கமாக இருந்தது.

மாலையில் மகளைப் போனில் கூப்பிட்டார். "இந்த வாரம் அம்மா வரலைடா கண்ணு. இன்னும் ஒரு மாசம் ஆகும்." முன்பெல்லாம் அந்தக் குழந்தை அழுது ஊரைக் கூட்டும்; என் நாற்காலி வரை கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. அக்கா போனை மேசைமேல் வைத்தார்.

"சரிம்மான்னு சொல்லிட்டு விளையாடப் போயிட்டா. எப்ப வருவேன்னு கேக்கவே இல்லடா."