சீரியல் பல்புக்குப் பிடுங்கிய பிளக்

எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர். ஆர்டர் விவரமெல்லாம் ஒன்றில்தான் இருக்கும். மற்ற மூன்றும் வயர் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தினமும் காலை ஒன்பதரைக்கு மூன்றிலும் இணைப்பு அறுந்துவிடும். அதைச் சரிசெய்ய வந்தவர் ஒல்லியான ஆள், சட்டைப்பையில் டெஸ்டர். எதையும் தொடுமுன் வயரை விரலால் தடவிக்கொண்டே கடைசிவரை நடப்பார். எட்டாவதை இரண்டு முறை படித்தும் தேறாத ஆபீஸ் பையன் நான், அவரை 'வயர் வைத்தியர்' என்று கேலி செய்வேன்.

ஐந்தாம் நாள் ஒன்பதரைப் பூஜை நேரத்திலேயே வந்துவிட்டார். நான் சாமி படத்தை ஈரத்துணியால் துடைத்த கையோடு, வயர்களெல்லாம் சேரும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் முருகனுக்குச் சீரியல் பல்பைச் செருகிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம்தானே என்று தினமும் செய்வதுதான்.

பின்னாலேயே முதலாளி வந்தார். "ஏனுங்க, இன்னிக்காச்சும் சரியாகுமா? இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கறேனுங்க."

"பெட்டிக்குக் கரண்ட் நிக்குதுங்க. பிளக்கை யாரோ எடுக்கறாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "நான் சாமி கும்புடறேனுங்க. எனக்கென்னங்க தெரியும்?"

வயர் வைத்தியர் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "சாமி கும்புடறவன் மேல பழி போடறீங்களே" என்று முதலாளி அவரை அப்போதே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மறுநாள் சீரியல் பல்பை வேறு இடத்தில் செருகினேன். இணைப்பு அறுபடவே இல்லை. "ஆளை மாத்துனதும் சரியாச்சு பாரு" என்று முதலாளி புது ஆளுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். நான்தான் போனேன்.

முந்தின நாள் பழையவர் படியிறங்கும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "புடுங்கறது புடுங்குங்க, ஈரக் கையோட புடுங்காதீங்க." திட்டியிருந்தால் ஏதாவது ஜோக்கடித்துத் தப்பித்திருப்பேன்.